இஞ்சி முதலில், பால் பிறகு

(மும்பை தாராவியில், மாலை நேரப் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியது)

வாசலில் நிற்கும் அண்ணன்மார்களே, உள்ளே வந்து உட்காருங்கள். டீ போடுவது ஆண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலைதான்.

போன வாரம் இங்கே ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார். "கும்பார்வாடாவில் பானை செய்கிற குஜராத்திக்காரர்கள் வீட்டு டீ தெருமுனை வரை மணக்கிறது. நானும் அதே இஞ்சியைத்தான் போட்டேன். பால் திரிந்து போய்விட்டது. கைராசி இல்லையா?" என்றார். அரை லிட்டர் பால் வீண். பால் விற்கிற விலையில் அது சின்ன நஷ்டமா?

கைராசி ஒன்றும் இல்லை அக்கா. பச்சை இஞ்சிச் சாற்றுக்குப் பாலைத் திரிய வைக்கும் குணம் உண்டு. சீனாவில் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றித் தயிர் போல உறைய வைத்தே சாப்பிடுகிறார்கள். ஆனால் இஞ்சி நன்றாகக் கொதித்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். அதனால் இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். பாலை அப்புறம் ஊற்றுங்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதைத்தான் செய்கிறார்.

நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். எழுதிக் கொள்ளுங்கள். தண்ணீர் 2 டம்ளர், பால் 2 டம்ளர். கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி. ஏலக்காய் 3, மிளகு 4, கிராம்பு 2, பட்டை ஒரு சின்னத் துண்டு. டீத்தூள் 4 சின்ன ஸ்பூன்.

இஞ்சியையும் மற்றதையும் ஒன்றிரண்டாகத் தட்டித் தண்ணீரில் போடுங்கள். ஏலக்காய்த் தோலை எறிய வேண்டாம். அதிலும் மணம் இருக்கிறது. ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீரின் நிறம் மாறும். வீடு மணக்கும். அப்போது டீத்தூளைப் போடுங்கள். இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் கொதித்தால் கசப்பு ஏறும். பிறகு பாலை ஊற்றிப் பொங்க விடுங்கள். தணித்து, இன்னொரு முறை பொங்க விட்டு இறக்குங்கள். சீனி அவரவர் விருப்பம்.

இங்கே மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக ஒரு நீளப் புல் விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மராத்தியில் 'கவ்தி சஹா' என்பார்கள். கிள்ளி முகர்ந்தால் எலுமிச்சை மணம் வரும். மழைக்காலத்தில் அதில் இரண்டு தாளைக் கிள்ளி இஞ்சியோடு போட்டுப் பாருங்கள். புல்லைப் போட்டால் கிராம்பும் பட்டையும் வேண்டாம். எல்லா மணத்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் எதுவும் தெரியாது.

தினமும் தட்ட நேரம் இல்லை என்பவர்கள் பொடியாகச் செய்து வையுங்கள். சுக்கு 20 கிராம், ஏலக்காய் 20 கிராம், மிளகு 10 கிராம், பட்டை 5 கிராம், கிராம்பு 5 கிராம். கூட்டிப் பாருங்கள். 60 கிராம் வருகிறதா? ஈரமில்லாத பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். நான்கு டம்ளருக்கு அரை ஸ்பூன். தினம் ஒரு வேளைக்கு என்றால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். கடையில் விற்கும் டீ மசாலா விலையோடு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்மில் பலர் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட காபி குடித்து வளர்ந்தவர்கள். கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டாலும் பால் திரியலாம். தனியாகத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாலை இறக்கிய பிறகு கலக்குங்கள்.

காபித்தூள் வாங்கும்போது ஒரு விஷயம். பாக்கெட்டில் பெரும்பாலும் இங்கிலீஷோ இந்தியோதான் இருக்கும். "நாங்கள் தமிழ் எழுத்துத்தானே படித்தோம்" என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் பையில் போடுகிறீர்கள். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே! திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கு இவ்வளவு என்ற குறியோடு இரண்டு எண்கள் இருக்கலாம். 60, 40 என்றோ, 53, 47 என்றோ. ஒன்று காபி, மற்றது சிக்கரி.

சிக்கரி என்பது ஒரு வேர். குஜராத்தில் விளைகிறது. வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள். அது விஷமல்ல. நிறமும் கெட்டியும் தரும். ஆனால் காபியை விட விலை குறைவு. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் நூற்றுக்கு 51 பங்காவது காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே இரண்டு எண்களில் பெரியது எப்போதும் காபிதான். எழுத்துத் தெரியாவிட்டாலும் இதைக் கண்டுபிடித்து விடலாம்.

நம் வட்டத்து அக்கா ஒருவர் பல வருடமாக ஒரே காபித்தூளை வாங்கினார். அது முழுக்கக் காபி என்றே நினைத்திருந்தார். எண் படிக்கத் தெரிந்த பிறகு பார்த்தால் 55, 45. "இத்தனை நாள் வேருக்கும் சேர்த்துக் காபி விலையா கொடுத்தேன்?" என்று அவருக்குக் கோபம். கோபம் நியாயம்தான்.

பாக்கெட் இல்லாமல் தூளாக வாங்கினால் ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே கொஞ்சம் தூளைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறத்தில் கோடு விட்டுக் கொண்டே கீழே இறங்கும். டீத்தூளுக்கு, மை ஒற்றுகிற தாளில் கொஞ்சம் தூவித் தண்ணீர் தெளியுங்கள். சிறிது நேரத்தில் தூளை எடுத்துவிட்டுத் தாளைக் கழுவுங்கள். அழுத்தமான கறை நின்றால் அதில் சாயம் கலந்திருக்கிறது.

இன்னொரு அக்கா வீட்டுக் கதை. மாமியாருக்குக் காபி வேண்டும், வீட்டுக்காரருக்கு மசாலா டீ வேண்டும். காலையில் இரண்டு அடுப்பு. ஒருநாள் கோபத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்து விட்டாராம். இரண்டு பேரும் இன்னொரு டம்ளர் கேட்டார்களாம்! சிரிக்காதீர்கள். ஹாங்காங் நகரத்தில் டீயையும் காபியையும் பாலோடு கலந்து கடையிலேயே விற்கிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். டீத்தூளை 2 ஸ்பூனாகக் குறையுங்கள். கிராம்பும் மிளகும் வேண்டாம். சுக்கும் ஏலக்காயும் காபிக்குப் பொருந்தும். வடிகட்டிய டீயில் டம்ளருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் காபி டிகாஷன் விட்டு, நுரை வர ஆற்றுங்கள். பில்டர் இல்லையா? காபித்தூளில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். இரவில் மட்டும் இதைக் குடிக்க வேண்டாம். தூக்கம் வராது.

இப்போது நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே வரும் தங்கை ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. சோதனையில் இரத்தம் 9 கிராம்தான் என்றார்கள். "இரும்புச் சத்து மாத்திரையை ஒரு நாளும் விடவில்லையே அக்கா" என்று அழுதாள். எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டேன். டீயோடு என்றாள்! டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக் கொள்ளும். உடம்பில் சேர விடாது. மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த அறையில் உள்ள பெண்களை எண்ணிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் என்று அர்த்தம். டீ ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நமக்குக் கீரையும் பருப்பும் கிடைப்பதே குறைவு. கிடைக்கிற கொஞ்சத்தையும் டீ பறிக்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும், ஒரு மணி நேரம் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் பரிமாறுகிறோம். நமக்கு ஒரு டம்ளர் டீ. பத்து மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி இன்னொன்று. பசி அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பசி அடங்கவில்லை, மரத்துப் போயிருக்கிறது. முதலில் இரண்டு சப்பாத்தியோ இட்லியோ சாப்பிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஏலக்காய் போட்டு, உட்கார்ந்து டீ குடியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு டீ வேண்டவே வேண்டாம். அந்தப் பாலை அப்படியே கொடுங்கள்.

அதோ, தண்ணீர் கொதித்துவிட்டது. போன வாரம் கேள்வி கேட்ட அக்காவே எழுந்து வரட்டும். இஞ்சி அந்தத் தட்டில் இருக்கிறது. பாலை நான் கையில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகுதான் ஊற்றுவேன்.