மொய் நோட்டில் இருக்கும் பெயர்கள்



2025 மார்ச்சில் நம் மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனார்களே, அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாலி கட்டியது பெங்களூரில். அவள் அழுததால் ஊருக்குத் தெரிந்தது. அழாமல் போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்கள், வயிற்றுப்பிள்ளையோடு இருப்பவர்கள், நாடு முழுக்க 7.9 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டிலோ 2015-16இல் 5 சதவீதம், 2019-21இல் 6.3. பிரசவம் பார்ப்பதில் நாட்டுக்கே முன்னோடி என்று மார்தட்டும் மாநிலம் ஐயா நாம்!

முதலில் வேலையைப் பாருங்கள். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்கள் வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். பிளஸ் டூ சான்றிதழும் 18 வயதும் இருந்தால்தான் அங்கே பெண்பிள்ளைக்குப் பேச்சு. நம் பிள்ளையை ஒன்பதாவதோடு நிறுத்தி, மாமன் மகனுக்குக் கொடுத்துவிட்டோம். கம்பெனி பஸ் போகும்போது அவள் கைக்குழந்தையோடு ரோட்டோரம் ஒதுங்கி நிற்கிறாள். நிலம் போய்விடுமே என்று சிப்காட் தொழிற்பேட்டையை எதிர்த்துப் போராடிய ஊர் இது. அந்த ரோசத்தில் கொஞ்சத்தைப் பெண்ணின் படிப்புக்கும் வைத்திருக்கலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்கு வயது 16 என்றால் டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். போக்சோ சட்டம் அப்படி. பிள்ளையைக் காக்க வந்த சட்டம்தான். ஆனால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவானே என்று பயந்து, ஏழு மாதம் வரை அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள். மாநில எல்லை தாண்டி ஆனேக்கல், மாலூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அல்லது வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். ரத்தசோகைக்கு மாத்திரை போய்ச் சேராது. ரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி வந்த பிறகு ஆம்புலன்ஸ் கூப்பிட்டு என்ன பயன்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் இருக்கும் 18,000 ரூபாய் உதவிக்கும் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். யாருக்கு அந்தப் பணம் மிக அவசரமோ, அவளுக்குக் கிடையாது. ஒன்று சொல்கிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்கள்: தானாக விரும்பிய உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரை டாக்டர் வெளியிடத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

சரி, குற்றவாளி யார்? அப்பன், மாப்பிள்ளை என்று விரல் நீட்டுகிறோம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006, நடத்தி வைத்தவரோடு கலந்துகொண்டவரையும் சேர்த்தே பிடிக்கிறது. இரண்டாண்டு கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். 501 ரூபாய் எழுதி, கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தோமே, அந்த மொய் நோட்டு நம் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்!

இந்த அரங்கில் பந்தல் போடுகிறவர் இருக்கிறீர்கள், சமையல்காரர் இருக்கிறீர்கள், பத்திரிகை அடிக்கிறவர், பூசாரி இருக்கிறீர்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கும்போது பெண்ணின் பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள். தராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் அம்மா மேடைக்குக் கீழே உட்காருவார்கள். ஏற்கெனவே வீட்டில் மறைத்து வைத்திருக்கிறவர்கள் அவரிடம் போய்ப் பேசுங்கள், இன்றைக்கே.