கடிதம் யார் கைக்குப் போகிறது?

(பொன்விழா ஆண்டையொட்டி நடந்த வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நான் பேச்சாளன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்த கையோடு வாப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றவன். என்னைப் பேச அழைத்த செயலாளர் காக்கா, "படித்ததைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நீ பட்டதைச் சொல்" என்றார். அதனால் பட்டதைச் சொல்கிறேன். நம் சிறு கம்பெனிக்குச் செயலாளர் வேலை பார்க்கவும் அக்ராவில் தாக்கல் செய்யவும் பதிவு பெற்ற ஒரு முகவரைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வாப்பாவின் கடை நாற்பது வருடமாகத் தனிநபர் நிறுவனமாகவே நடந்தது. அதற்குச் செயலாளரும் வேண்டியதில்லை, முகவரும் வேண்டியதில்லை. இங்கேயே குடியிருக்கும் ஒருவர் சிங்பாஸ் வைத்துத் தானே பதிந்துகொள்ளலாம். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, அவ்வளவுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கத் தொடங்கிய மறுமாதமே 'பிரைவேட் லிமிடெட்' போட்டுவிடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் அது இருந்தால் மதிப்பு என்று நினைக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் கம்பெனி என்று ஆன நாளிலிருந்து வருடா வருடம் செய்யவேண்டிய கடமைகள் வந்துவிடும். கேக் விற்றாலும் விற்காவிட்டாலும் அவை வரும்.

எங்களுக்கு அது தேவைப்பட்டது. உணவகங்களுக்கு மொத்தமாகச் சரக்குப் போட ஆரம்பித்திருந்தோம். ஒரு பெரிய வாடிக்கையாளர், கம்பெனியாக இருந்தால்தான் ஒப்பந்தம் என்றார். 2021 மார்ச்சில் பதிவு செய்தோம். வாப்பாவும் நானும் இயக்குநர்கள். பதிவான ஆறு மாதத்திற்குள் செயலாளரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே இயக்குநர் உள்ள கம்பெனியில் அவரே செயலாளராகவும் இருக்க முடியாது. நாங்கள் இருவர் இருந்ததால் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்திருக்கலாம். ஆனால் தாக்கல் வேலை இருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர், "நம்ம ஆளு, மலிவாகச் செய்து தருவார்" என்று ஒரு முகவரைக் காட்டினார். வருடத்திற்கு 350 வெள்ளி. கம்பெனியின் பதிவு முகவரியும் அவருடைய அலுவலகமே. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. விலையைக் கேட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

வருடா வருடம் பில் வந்தது, கட்டினேன். பில் வந்ததால் வேலையும் நடக்கிறது என்று நம்பினேன்.

2023 நவம்பரில் வீட்டிற்கு இரண்டு சம்மன் வந்தது. ஒன்று என் பெயருக்கு, ஒன்று வாப்பா பெயருக்கு. வாப்பாவுக்கு அப்போது வயது 67. கடன் கேட்டுக்கூட ஒருவரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. மின்கட்டண ரசீதிலிருந்து கடை வாடகைச் சீட்டு வரை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருப்பவர். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன தம்பி இது, கோர்ட்டுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கை ஒரு தடவைகூடத் தாக்கல் ஆகவில்லை. எங்கள் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. தனியார் கம்பெனிகள் நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்திற்குள் ஆண்டறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதாவது ஜூலை 31க்குள். 2022இலும் போகவில்லை, 2023இலும் போகவில்லை. தாமதம் மூன்று மாதத்திற்குள் என்றால் 300 வெள்ளி, அதற்கு மேல் போனால் 600 வெள்ளி. இரண்டு வருடத்திற்கும் சேர்த்து 1,200 வெள்ளி. சட்டத்தை மீறியதற்கான அபராதம் தனி.

முகவருடைய அலுவலகத்திற்கு நேரில் போனேன். மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பல கம்பெனிகளின் பெயருக்கு வந்த உறைகள் அதில் கிடந்தன. கிளறிப் பார்த்ததில் எங்கள் பெயரில் நான்கு உறைகள். நான்கும் பிரிக்கப்படவில்லை. வேலை பார்த்த பெண் நின்றுவிட்டாராம், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லையாம். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்டார், நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு அன்று கோபம் முழுவதும் அவர் மேல்தான். "காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறேன், என் தவறு இல்லையே" என்று வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர், "வேலையைக் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. சட்டம் இயக்குநரைத்தான் கேட்கும்" என்றார். விடுபட்டவற்றைத் தாக்கல் செய்து, அபராதத்தைக் கட்டி முடித்தோம். ஆனாலும் ஒருநாள் காலை ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றத்திற்கு வாப்பாவை அழைத்துப் போக வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1,200 வெள்ளி போனது மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

அடுத்த முகவரைத் தேடியபோது விலையைக் கடைசியில்தான் கேட்டேன். நான்கு இடங்களுக்குப் போய் முதலில் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "எங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்?" ஓரிடத்தில் சிரித்தார்கள். ஓரிடத்தில் மாதம் ஒருமுறை மொத்தமாக அனுப்புவோம் என்றார்கள். இன்னோரிடத்தில் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். நான்காவது இடத்தில் ஓர் அம்மா, "அன்றைக்கே பிரித்துப் படம் எடுத்து உங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புவேன். அரசாங்கக் கடிதமாக இருந்தால் போனும் பண்ணுவேன்" என்றார். அவரிடமே கொடுத்தேன். வருடத்திற்கு 900 வெள்ளி. அதிகம்தான், இப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டுகிறேன். பதிவு முகவரியை மட்டும் கடைக்கே மாற்றிக்கொண்டோம். வீவக வீட்டையும் பதிவு முகவரியாக வைக்கலாம், ஆனால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். முகவரி மாறினால் 14 நாளுக்குள் அக்ராவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

முகவர் உண்மையிலேயே பதிவு பெற்றவரா என்று பார்ப்பது சிரமமில்லை. 2024இல் நிறைவேறி, 2025 ஜூன் 9இல் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, இந்த வேலையைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் அக்ராவில் பதிந்திருக்க வேண்டும். அக்ராவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அவர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால், பணம் எங்கிருந்து வருகிறது, கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று விசாரித்தால் முகம் சுளிக்க வேண்டாம். கேட்பது அவர் கடமை. ஒன்றுமே கேட்காமல் அரை மணி நேரத்தில் கம்பெனி திறந்து தருகிறேன் என்பவரிடம்தான் எனக்குப் பயம். சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல முகவர் அதைக் கேட்கவே மாட்டார்.

இன்னொன்றையும் இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர் போன் பண்ணுவார்: "மச்சான், சிங்கப்பூரில் ஒரு கம்பெனி திறக்கிறேன். உள்ளூர் ஆள் ஒருவர் இயக்குநராக இருக்க வேண்டுமாம். பேருக்கு நீங்கள் இருங்கள்." இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்பது உண்மை. ஆனால் பேருக்கு இருந்தாலும் சட்டப்படி இயக்குநரின் பொறுப்பு உங்கள் மேல்தான். அந்தக் கணக்கில் யாருடைய பணம் வந்து போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நாளை போலிஸ் வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். மச்சான் கோபித்துக்கொள்வார்தான். கோபித்துக்கொள்ளட்டும், பதிவு பெற்ற முகவர் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பழைய முகவரிடமிருந்து விலகும்போதும் ஒரு பாடம் படித்தேன். பங்குதாரர் பதிவேடு, கூட்டக் குறிப்புகள் எல்லாம் அவரிடம் இருந்தன. அவற்றைத் தரத் தனியாகப் பணம் கேட்டார். அவை கம்பெனியின் சொத்து. அவரிடம் இருந்தது அமானிதம். ஆனால் எங்களுக்குள் ஒப்பந்தம் என்று எழுத்தில் ஒன்றும் இல்லாததால் ஆறு வாரம் இழுத்தடித்தார். கடனையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நாமோ "நம்ம ஆளு" என்றால் எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். நம்ம ஆளிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் புதிய முகவரும் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்தான். விலகினால் எந்தத் தாளை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்று ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதி வாங்கினேன். அவரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்கெனவே கம்பெனி வைத்திருப்பவர்கள் இன்றிரவே ஒரு காரியம் செய்யலாம். பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளிக்கு உங்கள் கம்பெனியின் விவரத்தாள் கிடைக்கும். கடைசி ஆண்டறிக்கை எந்தத் தேதியில் போயிருக்கிறது, செயலாளர் என்று யார் பெயர் இருக்கிறது, முகவரி எது என்று எல்லாம் அதில் இருக்கும். நான் 2022இலேயே அந்தப் பணத்தைச் செலவு செய்திருந்தால் வாப்பா ஹேவ்லாக் சதுக்கத்திற்கு வந்திருக்க மாட்டார். இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் வாங்கி வாப்பாவிடம் கொடுக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை மட்டும் பார்ப்பார். பிறகு மடித்து அந்தப் பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவார்.

யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால் தேநீர் நேரத்தில் என்னிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் காட்டியவன்தான்.