தியேட்டருக்குள் நிற்கும் கம்பெனி ஆள் யார்?

(கேளம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் ஆஸ்பத்திரிகள் எழும்பியிருக்கின்றன. நம்மில் ஒருவர் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு முறிந்தால் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். பல நேரங்களில் இன்னொருவரும் இருக்கிறார். பச்சை உடுப்பும் முகமூடியும் அவருக்கும் உண்டு. ஆனால் அவர் ஆஸ்பத்திரி ஆள் அல்ல. தகடும் திருகாணியும் செயற்கை மூட்டும் விற்கும் கம்பெனியின் ஆள்.

கருவிப் பெட்டியைக் கொண்டுவருவது அவர். எந்த அளவு மூட்டுக்கு எந்தக் கருவி, எதற்குப் பின் எது என்று எடுத்துச் சொல்வதும் அவர். இதில் உதவியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. புதுக் கருவி வரும்போது அதை அறிந்தவர் டாக்டருக்குப் பக்கத்தில் வேண்டும்தான். ஆனால் அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? பரீட்சை வைத்தது யார்? 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த மருத்துவக் கருவி விதிகள் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை பற்றிப் பேசுகின்றன. தியேட்டருக்குள் நிற்கும் விற்பனையாளரின் பயிற்சி பற்றி அவற்றில் பேச்சில்லை.

இது வீண் பயமா? தென்கொரியாவில் பூசான் நகரில் 2018 மே மாதம் டாக்டருக்குப் பதில் கருவி விற்பனையாளரே தோள்பட்டை ஆபரேஷன் செய்தார். நோயாளிக்கு மூளைச்சாவு. ஜனங்கள் கொதித்தார்கள். 2021-ல் சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் முதல் அங்கே ஆபரேஷன் அறையில் காமிரா கட்டாயம்.

நம் நாட்டுக் கதை வேறு விதம். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ கம்பெனி விற்ற ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் நடந்தவை சுமார் 4,700 ஆபரேஷன்கள். அவர்களில் 3,600-க்கு மேற்பட்டோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றது மத்திய சர்க்காரின் நிபுணர் குழு! 2018-ல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று கணக்கு வகுத்தார்கள். ஆளே அகப்படாதபோது யாருக்குக் கொடுப்பது? விற்கும்போது தியேட்டர் வரைக்கும் வரத் தெரிந்த கம்பெனிக்கு, விற்ற பிறகு வீட்டு விலாசம் தெரியவில்லை.

இந்தப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: எடை போடுபவன் வியாபாரியின் ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று. 2024-ல் கருவிக் கம்பெனிகளுக்கு ஒரு நடத்தை விதி வந்தது. டாக்டருக்குப் பரிசு கொடுக்கக் கூடாதாம். நல்லது. புகாரை விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கம் வைக்கும் கமிட்டி!

கம்பெனி ஆளின் மேல் நமக்குக் கோபமில்லை. மாதாமாதம் இத்தனை விற்றாக வேண்டும் என்று விரட்டப்படும் சம்பளக்காரர்தான் அவரும். தவறு நடந்தால் அவரைப் பலி கொடுத்துவிட்டு முதலாளி தப்பிக்கவும் கூடாது.

ஆகவே நாம் கோருவது: தியேட்டருக்குள் வருபவருக்குச் சர்க்கார் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அவர் நோயாளியின் உடம்பைத் தொடக் கூடாது. அவர் இருப்பதை முன்கூட்டியே நம்மிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் அவர் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுத வேண்டும். விற்பனைக்கு ஏற்ற கமிஷன் ஒழிய வேண்டும். பொறுப்பு கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும்.

சட்டம் வரும்வரை ஒன்று செய்யுங்கள். உடம்பில் வைக்கும் பொருளின் பெட்டியில் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டோடு அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். நாலு பேராகப் போய்க் கேட்போம்.