தணிகைமலையின் நீலமலரும் வீட்டுத் தொட்டியும்

முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதான திருத்தணிக்கு உற்பலகிரி, கல்லாரகிரி எனப் பூவால் அமைந்த பெயர்களும் உண்டு. இம்மலைச் சுனையில் காலை, உச்சி, மாலை ஆகிய மூன்று பொழுதிலும் ஒவ்வொரு நீலமலர் நாள்தோறும் தவறாமல் மலரும் என்று கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் போற்றுகிறது. நீலோற்பலம் என்றும் கருங்குவளை என்றும் வழங்கும் அம்மலரைத் தாவரவியலார் 'நிம்ஃபேயா நௌசாலி' என்னும் அல்லியினமாகக் கொள்வர். இலங்கையின் தேசிய மலரும் இதுவே.

வீட்டில் ஊதாப் பூக்களை விரும்புவோர் சிலர் ஆப்பிரிக்க வயலெட் செடியை நாடுவர். தான்சானியாவின் உசம்பரா மலைக்காட்டு நிழலிலிருந்து 1892ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று உலகெங்கும் பரவிய அச்செடி ஏறத்தாழ 18 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே செழிக்கும் என்பதால், கோடையில் 40 பாகையைக் கடக்கும் திருத்தணியில் அதனைக் காப்பது கடினம். கருங்குவளைக்கோ நாளொன்றுக்கு 6 மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். அவ்வெயில் கிடைக்கும் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் அது தயக்கமின்றிப் பூக்கும்.

இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள, அடியில் துளையில்லாத சிமெண்டுத் தொட்டியில் அரையடி உயரத்திற்கு ஏரி வண்டலை இட்டு, குருத்து மண்ணுக்குமேல் தெரியும்படி கிழங்கை ஊன்றி, மண் கலங்காதிருக்க மேலே மணலைப் பரப்பி, நீரை மெல்ல நிரப்ப வேண்டும். மக்காத சாணம் கலந்தால் நீர் கெட்டுப் பாசி படரும். கொசுப் புழுக்களை உண்ணும் கப்பி மீன்கள் சிலவற்றை விடுவதும் நன்று.

புதிய வகைகளை உருவாக்க விரும்புவோர் பூவின் போக்கை உற்றுநோக்க வேண்டும். காலையில் விரிந்து பின்னர்க் கூம்பும் ஒரு பூ சில நாள்கள் அவ்வாறே திறந்து மூடும். முதல்நாள் பூவின் நடுக்குழியில், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியின்மீது, தெளிந்த நீர்மம் தேங்கி நிற்கும். மகரந்தப் பைகள் அப்போது வெடித்திரா. மறுநாள் நீர்மம் வற்ற, மகரந்தம் உதிரத் தொடங்கும். பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே, முதல்நாள் பூவின் மகரந்தத் தாள்களைக் கத்தரித்து நீக்கி, வேறு வகையின் இரண்டாம்நாள் பூவிலிருந்து தூரிகையால் எடுத்த மகரந்தத்தை அந்நீர்மத்தில் இட்டு, மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுவர். கருவுற்ற பூ நீருக்குள் அமிழ்ந்து சில வாரங்களில் காயாக முதிர்ந்து வெடிக்கும். பை இல்லையெனில், கடுகினும் சிறிய விதைகள் மிதந்து சிதறிவிடும். அமெரிக்காவின் மிசௌரி தாவரவியல் பூங்காவில் வெப்பமண்டல அல்லிகளைக் கலந்து புதுவகைகள் பல படைத்த ஜார்ஜ் பிரிங், ஆழ்ந்த ஊதா நிறமுடைய 'டைரக்டர் ஜார்ஜ் டி. மூர்' வகையை 1941ஆம் ஆண்டு அளித்தார்.

தேனீக்கள் தொட்டிக்குத் தொட்டி மகரந்தத்தைக் கொண்டு செல்வதால், கலப்பு வகைகளுக்கு அருகில் வளரும் கருங்குவளையின் விதை தூயதாக இருக்குமென உறுதி கூற இயலாது. தாய்வகையைப் பேண விரும்புவோர், கருங்குவளையின் மகரந்தத்தையே மற்றொரு கருங்குவளையின் முதல்நாள் பூவில் இட்டு, அதனையும் பையிட்டுக் காக்க வேண்டும். எத்தனை புது நிறங்கள் தோன்றினாலும் அவற்றிற்கு முதல் இயல்பான செடியே ஆதலால், தணிகை வட்டாரத்து வீடுகளில் முதல் தொட்டி கருங்குவளைக்கு உரியதாகட்டும். கலப்பு முயற்சிகள் இரண்டாவது தொட்டியில் தொடங்கட்டும்.