இரத்தம் சொல்லும் சாட்சி

(கோடம்பாக்கத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



நான் மருத்துவம் படித்தவன் அல்ல. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, நோயாளியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவன். பெரிய டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை மக்கள் அப்போது என்னிடம் கேட்பார்கள். அப்படி ஒரு தாயார் கேட்ட கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவருடைய மகன் இந்தக் கோடம்பாக்கத்துப் பையன். சினிமாவில் லைட்மேன் வேலை. ஆறு மாதமாக வயிற்று வலி, விட்டு விட்டுப் பேதி, சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு பாதியாகிவிட்டது. "ஷூட்டிங்கில் கண்ட நேரத்தில் கண்டதைச் சாப்பிடுகிறான், அதனால்தான்" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். எங்களிடம் வருமுன் வேறோர் இடத்தில் இரத்தம் பரிசோதித்திருந்தார்கள். சி.ஆர்.பி. 64 என்று வந்திருந்தது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி என்பார்கள். 64 என்றதும், குடலில் குரோன் நோய் என்று சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையில் பணம் இல்லாததால் மாத்திரையை இன்னும் வாங்கவில்லை. அந்தத் தாயார் சீட்டை என்னிடம் நீட்டி, "ஐயா, இந்த நம்பர் எந்த நோயைச் சொல்லுது?" என்று கேட்டார்.

எங்கள் மருத்துவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தச் சி.ஆர்.பி.யை முதலில் கண்டவர்கள் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர். 1930-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தில். நிமோனியா கண்டவர்களின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். குடலைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. உடம்பில் எங்கே அழற்சி உண்டானாலும் கல்லீரல் இந்தப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. நுரையீரலாக இருக்கலாம், மூட்டாக இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். சில மணி நேரத்திலேயே ஏறும். அழற்சி அடங்கினால், ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

இதற்கு மூத்தது இ.எஸ்.ஆர். ஒரு குழாயில் இரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இரத்த சோகை, கர்ப்பம், வயது இவற்றாலும் கூடும். இவற்றோடு ஹீமோகுளோபின் குறைகிறதா, பிளேட்லெட் கூடுகிறதா, அல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இவை எல்லாம் சாட்சிகள். பக்கத்து வீட்டிலிருந்து புகை வந்தால் நெருப்பு இருக்கிறது என்று தெரியும். அடுப்பு எரிகிறதா, கூரை எரிகிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அந்தத் தாயாருக்கு உண்மையான பதில் இதுதான்: "அம்மா, உள்ளே நெருப்பு இருக்கிறது என்று இந்த நம்பர் சொல்கிறது. எந்த நோய் என்று இதற்குத் தெரியாது."

நம்முடைய நாட்டில் இது உயிர்ப் பிரச்சினை. குரோன் நோயை 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்தார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அந்த நோய் விரும்பித் தங்கும் இடம். குடல் காசநோயும் பெரும்பாலும் அங்கேயேதான் தங்குகிறது. அதே வலி, அதே காய்ச்சல், அதே மெலிவு, அதே புண், அதே அடைப்பு. இரண்டிலும் சி.ஆர்.பி. ஏறும். ஆனால் மருந்து மட்டும் நேர் எதிர். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. அதைத் தனியாகக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து விட்டதாகிவிடும். குரோன் நோய்க்காரருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தாலோ, அதற்குள் குடல் சுருங்கிப்போகும்.

இரண்டையும் இரத்தத்திலேயே பிரித்தறிய முடியாதா என்று அறிஞர்கள் தேடாமல் இல்லை. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு எதிரான ஆஸ்கா என்ற எதிர்ப்பொருள் மேல்நாட்டில் குரோன் நோயாளிகள் பலரின் இரத்தத்தில் காணப்பட்டது. இங்கும் அது உதவுமா என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் கோவிந்த் மகாரியா குழுவினர் சோதித்தார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: இந்தச் சோதனையால் இரு நோயையும் பிரித்தறிய முடியாது. ஆகவே இன்றும் கோலனோஸ்கோபி செய்து, குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் நம்பிக்கைக்குக் குறைவில்லை. கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் சேத்துப்பட்டு. அங்கே 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்ததைப் போலக் குணமாகும் என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியது. அதே மையத்தார் வயிற்றுக் காசநோய் கண்ட 193 பேரிடம் செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. பன்னிரண்டு மாதச் சிகிச்சை தரும் பலனை ஆறு மாதச் சிகிச்சையும் தருகிறது என்று அது காட்டிற்று.

அந்தப் பையனுக்குச் சதைப் பரிசோதனையில் வந்தது காசநோய். வாங்காமல் விட்ட ஸ்டீராய்டு சீட்டை அந்தத் தாயார் மடித்துப் பெட்டியில் வைத்தார். காசநோய் மருந்து தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் சி.ஆர்.பி. 64-லிருந்து 20-க்கு வந்தது. இரண்டாம் மாத முடிவில் 4. மறுபடி கோலனோஸ்கோபி செய்தபோது புண்கள் ஆறியிருந்தன.

கவனித்தீர்களா? முதல் நாள் நோயின் பெயரைச் சொல்ல முடியாத அதே எண், மருந்து வேலை செய்கிறது என்பதை இரண்டு மாதத்தில் சொல்லிவிட்டது. தனியாக நிற்கும் எண்ணைவிட, தேதி போட்டு வரிசையாக நிற்கும் எண்களுக்கு மதிப்பு அதிகம்.

காசநோய்க்கு மட்டும் இது பொருந்துவதல்ல. பெருங்குடலில் புண் உண்டாகி இரத்தமாகப் போகும் நோய்க்கு ஆக்ஸ்போர்டில் 1996-இல் ஒரு விதி வகுத்தார்கள். நோய் கடுமையாகி ஊசி மூலம் ஸ்டீராய்டு ஏற்றிய மூன்றாம் நாள், எட்டுத் தடவைக்கு மேல் பேதியானாலோ, மூன்று முதல் எட்டுத் தடவை பேதியோடு சி.ஆர்.பி. 45-ஐத் தாண்டியிருந்தாலோ, அவர்களில் 85 சதவீதம் பேருக்குப் பெருங்குடலையே எடுக்க வேண்டி வந்தது. இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் மூன்றாம் நாள் இரத்தம் பார்த்து, காலம் தாழ்த்தாமல் முடிவெடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

குரோன் நோயாளிகள் 244 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு வலி, பேதி போன்ற உபாதைகளைக் கேட்டு மருந்தைக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு அதோடு சி.ஆர்.பி.யையும், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தையும் அளந்து கூட்டினார்கள். 48 வாரம் கழித்துப் பார்த்தால், முதல் பகுதியில் 30 சதவீதம் பேருக்கும், அளந்து பார்த்த பகுதியில் 46 சதவீதம் பேருக்கும் குடல் புண் ஆறியிருந்தது. வலி இல்லாத நாளிலும் நெருப்பு உள்ளே கனன்றுகொண்டிருக்கக் கூடும் என்பதே இதன் பாடம்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சாட்சி சில வேளை பேசாமலும் இருக்கும். எங்கள் வார்டில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி இருந்தார். குரோன் நோய் முற்றியிருந்தும் சி.ஆர்.பி. ஒருநாளும் ஏறவில்லை. சிலருடைய உடம்பு அப்படித்தான். அவர் முன்பு போன இடங்களில், "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டாரும் அதையே சொன்னார்களாம். "வலியைவிட அதுதான் ஐயா தாங்க முடியவில்லை" என்று என்னிடம் அழுதார். காகிதத்தை நம்பி ஆளை நம்பாமல் போவது பெரிய அநியாயம். நோயாளியின் வாய்ச்சொல்லும் ஒரு சாட்சிதான்.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது மாதக்கணக்கில் வயிற்று வலியும் பேதியுமாக மெலிந்துகொண்டு வந்தால், கடைச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையோடு மருந்து தொடங்கச் சொன்னால், "குடலைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். உடம்பு தேறியதும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். தினக்கூலிக்காரர் ஒருவர் இரத்தம் கொடுக்க வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால்தான் பலர் இரண்டாம் முறை வருவதில்லை. அப்படிப்பட்டவரை உங்களுக்குத் தெரிந்தால், கூடப் போய் வாருங்கள்.

அந்த லைட்மேன் பையன் ஆறு மாதச் சிகிச்சையை முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டான். கடைசி நாளில் அந்தத் தாயார் ஒரு மளிகைக் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினார். அரிசி, பருப்புக் கணக்குக்கு நடுவே ஒரு பக்கம் முழுவதும் தேதி, எடை, சி.ஆர்.பி. என்று மூன்று வரிசையாகக் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு வரிசை ஏறிக்கொண்டே போகிறது, ஒரு வரிசை இறங்கிக்கொண்டே வருகிறது. "இப்ப எனக்குப் படிக்கத் தெரியுது ஐயா" என்றார்.