மலையும் வில்லையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறிஞ்சி நிலத்தைக் குமரவேளின் இருப்பிடமாகக் கொண்டவர் நம் முன்னோர். மலைகளின் மடியிலே, அலவத்துகொடையிலே வாழும் நாம் அம்மலைகளை எவ்வாறு பார்க்கிறோம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

நமக்குக் கிழக்கே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர், 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அதன் உயர்ந்த சிகரம் 1,906 மீற்றர். மடக்கிய கையின் விரல் முட்டிகள் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அப்பெயரை இட்டனர். ஆயின் எப்பக்கம் நின்று பார்த்தாலும் அது கைபோலத் தோன்றுவதில்லை. பெயர்கூடப் பார்ப்பவர் நின்ற இடத்தைப் பொறுத்ததன்றோ!

சென்ற விடுமுறையில் நாங்கள் ஐவர் மாத்தளை, இறத்தோட்டை வழியாக றிவர்ஸ்டனுக்குச் சென்றோம். ஒரு கமராவும் மூன்று வில்லைகளும் கைவசம் இருந்தன. 28 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 75 பாகை அகலக் காட்சியைக் காட்டும்; 50 மில்லிமீற்றர் 46 பாகை; 200 மில்லிமீற்றர் 12 பாகை மட்டுமே. தொலைவில்லை மலைகளை நெருக்கிவிடும் என்பர். ஒரே இடத்தில் நின்று மூன்றாலும் எடுத்துப் பார்த்தோம். அகன்ற படத்தின் நடுப்பகுதியைப் பெருப்பித்தால், தொலைவில்லைப் படத்தில் உள்ள அதே தோற்றமே வருகிறது. பொருள்களின் ஒப்பளவை மாற்றுவது நம் கால்கள். எதை விடுவது என்று தீர்மானிப்பதே வில்லையின் வேலை.

எதை விடுவது? அதுவே எங்கள் வாதமாயிற்று. எதிர்ச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரை எங்களில் ஒருவர் தொலைவில்லையால் எடுத்தார். பச்சை நிறத்தின் நடுவே அழகிய படம். கேளாமல் எடுக்கலாமா என்றார் ஒருவர். தூரத்தில்தானே என்றார் மற்றவர். முடிவில் சரிவிறங்கிச் சென்று படத்தைக் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க லயத்தைக் காணோமே!" என்றார்.

அவருடைய சம்மதத்துடன், நாலடி தூரத்தில் நின்று 28 மில்லிமீற்றர் வில்லையால் மீண்டும் எடுத்தோம். அவர் முகம், தகரக் கூரை லயம், அதற்கப்பால் மலை, யாவும் அடங்கின. மலை சிறுத்துப் போயிற்று. ஆயினும் அதன் கதை முழுமையாயிற்று.

1875இல் இலங்கைக்கு வந்த புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1879இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையில் அவர் எடுத்த மரியான் நோர்த் என்னும் ஓவியரின் பெயரை உலகம் அறியும். அங்கேயே 1878இல் எடுத்த மற்றொரு படத்தில் இருப்போர் 'களுத்துறைக் குடியானவர்' என்றே அறியப்படுகின்றனர். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட நம் மூதாதையரும் எத்தனையோ படங்களில் இவ்வாறே பெயரின்றி நிற்கின்றனர்.

ஆகவே, நம் சங்கத்தின் சார்பில் ஒன்று வேண்டுகின்றோம். இனி இம்மண்டபத்தில் வைக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் இடமும் திகதியும் எழுதுவோம். அதில் உள்ளவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுதுவோம். பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய படங்களைக் கொண்டுவாருங்கள். அவற்றில் இருப்போர் யாரெனச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிவைக்கிறோம். நீங்கள் சொல்லாவிடில், சொல்வதற்கு வேறு யாருமில்லை.