லேத்தில் கை வைக்குமுன்

பல சிறிய இரும்பு லேத்துகளில் சக்கு போல்ட்டுகளால் பூட்டப்படுகிறது. மரம் பிடிக்கும் சக்கோ பெரும்பாலும் மரையில் திருகப்படுவது. ஆகவே இரண்டுக்கும் இடையில் ஓர் இணைப்புத் தட்டு தேவை. அதன் மரையும் சக்கின் மரையும் இம்மியும் மாறுபடலாகாது. தூசியைத் துடைத்து, இடைவெளியின்றிப் படியவைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். மரையில் நிற்கும் சக்கைப் பின்னோக்கிச் சுழற்றாதீர்கள், கழன்று பாயும். சாவியை எடுத்துவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். சுழலும் மரத்துக்கு நேரே நிற்காதீர்கள்.

பாதுகாப்பான இயந்திரம் தருவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. கை போனபின் நஷ்டஈடு கேட்பதைவிட, கையோடு உரிமை கேட்போம்!